சொன்ன காரணம்

…இரண்டு முறை என்றால் எந்த வேகத்தில் இரண்டு முறை, அதை மட்டும் இந்த டீச்சர் சொல்ல மாட்டேன் என்கிறாள், டக் டக் என்கிறாள், கதவைத் தட்டுற மாதிரி தட்டுங்கம்மா என்கிறாள், எங்கள் வீட்டில் கதவைத் தட்டியா யாரும் உள்ளே போகிறார்கள், உதைத்துத்தானே… மஞ்சள் பெட்டி அசையவில்லை, ஒருமுறை அழுத்தினால் நீலம் பூசிக்கொள்கிறது, கொஞ்சம் பொறுத்து மறுமுறை அழுத்தினால் அதன் பெயரைச் சுற்றி ஒரு கட்டம் விழுகிறது, கட்டத்துக்குள் ஒரு கோடு கண் சிமிட்டுகிறது, என் பெயரை மாற்றப் போகிறாயா என்று கேட்கிறது, உன் பெயர் எனக்கு எதற்கு, நான் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். இந்த மவுஸை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கி ஓர் அடி போட்டால் எப்படி இருக்கும், ஓடு பிளந்து உள்ளே இருக்கும் பச்சைத் தகடு வெளியே வரும், குடல் மாதிரி… வேண்டாம், கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிற குடும்பம் என்று தெரிந்துபோகும், பொறு, மூச்சு விடு. ஹோட்டல் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம், மேலே ஏழு மாடி விருந்தாளிகள், கீழே நிலத்துக்கு அடியில் நாங்கள், ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு, நான் கறைப் பிரிவின் தலைவி, ஈரத் துணியை முறுக்கினால் கடைசிச் சொட்டு வரை பிழிகிற கை இது, ஆனால் இதற்கு வலு வேண்டாமாம், “பூவைத் தொடுற மாதிரி தொடுங்கம்மா, அது உங்களைக் கடிக்காது” என்கிறாள். கடிக்கும், பெண்ணே. உனக்குத் தெரியாது. என் கைப்பையின் உள்ளறையில் இருக்கிற சிவப்புத் துண்டு, பற்பசை மூடி அளவுதான், கடிக்கும்.

நூலகத்தின் மாடியில் இந்த அறை, பத்து மேசை, பத்துக் கம்ப்யூட்டர், ஒன்று வேலை செய்யாது, ஆக ஒன்பது பேர், எல்லாரும் தலை நரைத்தவர்கள், இலவச வகுப்பு. செவ்வாய்க்கிழமை ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் சொல்லிக்கொடுத்தாள், நேற்று மவுஸ், இன்று வியாழக்கிழமை, ஃபைலும் ஃபோல்டரும். ஃபோல்டர் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது, மூட்டைதானே, மூட்டைக்குள் மூட்டை, மாடிக்கு ஒரு மூட்டை, அதற்குள் அறைக்கு ஒரு மூட்டை, அதற்குள் துண்டு தனி, தலையணை உறை தனி, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு, இதற்குப் போய் இவ்வளவு ஆங்கிலமா… பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், குரல் தெருமுனை வரை கேட்கும், டீச்சர் முதல் நாளே அவருக்கு ஹாரன் என்று பேர் வைத்துவிட்டாள், அவரும் பதக்கம் மாதிரி அதைப் போட்டுக்கொண்டு அலைகிறார். “ஏம்மா டீச்சர், உள்ளே போயிட்டேன், இதுக்கு ரிவர்ஸ் கியர் எங்க?” “மேல இடது பக்கம் அம்புக்குறி இருக்கு பாருங்க அண்ணே, அதை அழுத்துங்க, வந்த வழியே போயிடலாம்.” வந்த வழியே போகலாம்… எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். என் மருமகளைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள், கொண்டையில் பென்சில் குத்தியிருக்கிறாள், பற்கள் எல்லாம் வரிசையாக, முழுசாக இருக்கின்றன. என் அருகில் வந்தாள், என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள், மவுஸைப் பிடிக்கத்தான், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் என் தலை தானாகத் தோள்களுக்குள் இறங்கிவிட்டது, ஆமை மாதிரி, கண் மூடிக்கொண்டது. அவள் கை அந்தரத்தில் நின்றது. “சாரிம்மா…” காற்றாடி காத்து கண்ணுல பட்டுச்சு என்றேன். அவள் மேலே பார்த்தாள், காற்றாடி ஓடவில்லை. என் விரலின் மேல் தன் விரலை வைத்து டக் டக் என்று அழுத்தினாள், மஞ்சள் பெட்டி வாயைத் திறந்தது.

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்கு வகுப்பு முடியும், மூன்று மணிக்குப் போலீஸ்காரி வீட்டுக்கு வருவாள். திங்கட்கிழமை முதலில் போன் செய்தவள் அவள்தான், உங்க மருமக பேப்பர்ல எழுதிக் காட்டினாங்கம்மா, சிவப்புப் பென்டிரைவ், பொத்தான் டப்பாவுக்குள்ளயாம், தேடி எடுத்து வைங்க, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கறேன். அரை மணி நேரம் கழித்து அவன். கோர்ட் வராந்தாவிலிருந்து, வக்கீலின் போனில், பின்னால் யாரோ இருமுகிற சத்தம். “அம்மா, பதறாம கேளு. அதைத் தூக்கி எறிஞ்சுடாதே, ஒடைச்சுடாதே, காணோம்னா நம்ம மேலதான் வரும்னு வக்கீல் சொல்றார். அது அப்படியே போகட்டும், கல்யாண போட்டோ, அவ சர்டிபிகேட் எல்லாம் இருக்கும், இருக்கட்டும். ஒரே ஒரு ஃபோல்டர், சலவைன்னு பேர் போட்டிருப்பா, அன்னிக்கு ஒரு நாள் பார்த்தேன். அதை மட்டும் அழிச்சுட்டுக் குடுத்துடு. ஏழெட்டு போட்டோதான். வெளி ஆள் கையில குடுத்துச் செஞ்சுடாதே, நீயே கத்துக்க, உனக்கென்ன, கறையை எடுக்கறவ தானே நீ.” சிரித்தான் என்று நினைக்கிறேன். பிறகு குரல் உடைந்து, “நீ இல்லேன்னா நான் செத்தேம்மா.” ஆறு வயதில் காய்ச்சலில் சொன்ன அதே குரல். எந்தத் தாய்க்குத்தான்… எந்தத் தாய்க்குத்தான் என்ன, வாக்கியத்தை முடி, மூன்று நாளாக இதே இடத்தில் வந்து நிற்கிறாய்.

சார்ஜர் எங்கே என்று கேட்டான், அதுதான் ஆரம்பம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, வெயில் சமையலறைத் தரையில் விழுந்திருந்தது, நான் மூன்று எட்டுத் தள்ளி நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். “நீங்க வெச்ச இடத்துலதான்.” அவ்வளவுதான் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. இஸ்திரிப் பெட்டி மேசையில் நின்றிருந்தது, நல்லவேளை அது சூடாக இல்லை… நல்லவேளை, பார், என் நாக்கு எதையெல்லாம் நல்லவேளை என்று சொல்கிறது. முதல் அடி கன்னத்தில், பெட்டியின் பக்கவாட்டால், இரண்டாவது அதன் கூர்முனையால், தாடை உடைகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் ஹேங்கரை மிதித்தால் வருமே, அதே சத்தம், அதன் பிறகு அவள் கீழே உட்கார்ந்தாள், விழவில்லை, யாரோ உட்காரச் சொன்ன மாதிரி உட்கார்ந்தாள், வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பி அதைப் பார்த்தாள், பல், இரண்டு. அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி இன்னொரு முறை… நான் என்ன செய்தேன்? வாஷிங் மெஷினின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே துணி இல்லை. வெறும் தொட்டி சுழன்றது, கடகடவென்று, எல்லாச் சத்தத்தையும் தின்றுகொண்டு சுழன்றது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது, அதுதான் என் மூளையில் முதலில் வந்தது, அவள் தலை அல்ல, பக்கத்து வீட்டுக் காது. பிறகு அவன் வெளியே போய் ஆம்புலன்ஸுக்கு அவனே போன் செய்தான், கீழே விழுந்துட்டா என்று. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் தரையில் விரித்திருந்த நூல்பாயைத் துடைத்தேன். பச்சைத் தண்ணீர் முதலில், எப்போதும் பச்சைத் தண்ணீர், ரத்தத்தின் மேல் சுடுதண்ணீர் பட்டால் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு உப்பு, பிறகு சோப்பு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நடுவிலிருந்து தேய்த்தால் பரவும். போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுத்தமாக வந்துவிட்டதே என்று நெஞ்சுக்குள் ஒரு திருப்தி எழுந்தது, அவள் ஓர் எட்டு தூரத்தில் சுவரில் சாய்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தை அல்ல, கைகளை. அந்தத் திருப்தியை எந்த வாளியில் முக்கி எடுப்பது.

அவள் மேலும் கோபம் வருகிறது, மறைக்க என்ன இருக்கிறது, வருகிறது. எடுத்துக் கொடுத்திருக்கலாம் சார்ஜரை, வாயைத் திறக்காமல். திறந்தாள், இப்போது டாக்டர் கம்பி போட்டு மூடியிருக்கிறார். அவன் மேலும் வருகிறது, சலவைக்கூடத்துக் கொதிகலனின் மூடியைத் திறந்து அவனை உள்ளே… சட்டையோடு, செருப்போடு, மூடியை இறக்கி, குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டு… அதை நினைத்த மறுநொடி அவனுக்குப் பசிக்குமே, உள்ளே என்ன சாப்பாடு போடுகிறார்களோ என்று வயிறு இழுக்கிறது. ஒரே வயிறு, இரண்டையும் நினைக்கிறது.

“எல்லாரும் உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் பண்ணிட்டீங்களா? சரி, இப்போ அதைக் கொல்லுங்க.” டீச்சர் அப்படித்தான் சொன்னாள், கொல்லுங்க என்று, சிரித்துக்கொண்டே. “ஒரு தடவை மட்டும் அழுத்தி நீலமாக்குங்க, அப்புறம் கீபோர்டுல டெலிட்.” நான் அழுத்தினேன். என் பெயர் போட்ட பெட்டி சத்தமில்லாமல் மறைந்தது, ஒரு துளி தடயம் இல்லை, இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, இதற்கா மூன்று நாள்… “இப்போ எங்க போச்சுன்னு பார்க்கலாமா? இந்த மூலையில ஒரு குப்பைத் தொட்டி இருக்கே, திறங்க.” திறந்தேன். உள்ளே கிடந்தது, என் பெயர், அப்படியே, காயமில்லாமல். அதன் மேல் ஏதோ அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன், பெட்டி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அழித்தது திரும்பி வருமா? அழித்ததை எவளோ ஒரு போலீஸ்காரி தொட்டியைக் கிளறி எடுத்துவிடுவாளா? ஹாரன் மேசையைத் தட்டினார். “அப்போ ஓடிப்போன என் சம்சாரமும் தொட்டியில இருப்பாளா டீச்சர்?” “அவங்க வேற டிரைவ்ல நல்லா இருக்காங்க அண்ணே, விட்டுடுங்க.” அறை சிரித்து ஓய்வதற்குள் என் கை தானாக உயர்ந்திருந்தது, என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “பென்டிரைவ்ல இருக்கறதை அழிச்சாலும் இப்படித்தான் திரும்பி வருமா?” “சூப்பர் கேள்விம்மா! வராது. பென்டிரைவ்ல அழிச்சா தொட்டிக்கெல்லாம் போகாது, நேரா மேலதான். அதனால ரெண்டு தடவை யோசிச்சுட்டு அழுத்துங்க.” எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நல்ல கேள்வி கேட்டவளை. ஐம்பத்தாறு வயதில் ஒரு வகுப்பறையில் என்னைப் பாராட்டுகிறார்கள், எதற்காக, பார்.

“பத்து நிமிஷம் நீங்களே பழகிக்கங்க.” எனக்கு அதுதான் வேண்டும். பையைத் திறந்தேன், சிவப்புத் துண்டை உள்ளங்கைக்குள் மறைத்து எடுத்தேன், மாத்திரை எடுப்பது போல, முதலில் நுழையவில்லை, திருப்பினேன், நுழையவில்லை, மறுபடி திருப்பினால் முதலில் வைத்த பக்கம்தான் சரியாம், நுழைந்தது. ஜன்னல் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. கல்யாணம். சான்றிதழ். சலவை. எல்லாப் பெயரையும் விட்டுவிட்டு என் பிழைப்பின் பெயரை ஏன் வைத்தாள், என்னைக் குத்துவதற்கா… டக் டக். முதல் முயற்சியிலேயே திறந்தது, கழுதை, இப்போது திறக்கிறது. பெயர்கள் வரும் என்று நினைத்தேன், படங்களே வந்துவிட்டன, தபால்தலை அளவில் வரிசை வரிசையாக, தோள், தொடை, முதுகு, ஒரு கண், ஊதா, பச்சை, மஞ்சள். எனக்கு நிறம் தெரியும், ஊதா என்றால் நேற்று, பச்சை என்றால் ஐந்து நாள், மஞ்சள் என்றால் வாரம் தாண்டியது, கறை மாதிரிதான் இதுவும், வயதுக்கு ஒரு நிறம். ஹாரன் இடது பக்கம் ஒரு கை தூரத்தில், அவர் தலையைத் திருப்பினால் போதும்… நான் உடம்பைச் சாய்த்துத் திரையை மறைத்தேன், டீச்சர் காலையில் என்ன சொன்னாள், படமாப் பார்க்கப் பிடிக்கலேன்னா பட்டியலாப் பார்க்கலாம், மேலே வியூ, அதில் லிஸ்ட், எங்கே, எங்கே அது, அம்பு தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது, ஆ, லிஸ்ட். சடாரென்று உடம்புகள் எல்லாம் போய்விட்டன. பெயர்கள் மட்டும் நின்றன. சுத்தமாக.

கீழே மூலையில் ஒரு எண், முப்பத்து நாலு. ஏழெட்டு என்றானே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் பெட்டி, அத்தை என்று பெயர் போட்டு, அதைத் தாண்டினேன், அதற்குள் என்னைத் திட்டி எழுதி வைத்திருப்பாள், எழுதட்டும், எல்லாம் ஒன்றாகத்தானே போகப் போகிறது. ஆனால் மற்ற பெயர்கள் கண்ணில் விழுந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் முதலில் தேதி, பிறகு இடம், பிறகு… சமையலறை, அலமாரிக் கதவு இடிச்சது. மாடி, படியில வழுக்கினது. குளியலறை, சோப்பு. படுக்கையறை, தூக்கத்துல கட்டில் விளிம்பு. சமையலறை, தோசைக்கல் கைதவறினது. சீட்டு. எங்கள் சலவைச் சீட்டு. விருந்தாளி கறைபட்ட துணியைக் கீழே அனுப்பினால் அதன் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டுவோம், தேதி, அறை, மூன்றாவதாகச் சொன்ன காரணம். கறை என்ன என்று நாங்கள் எழுதக்கூடாது, அவர் என்ன சொன்னாரோ அதைத்தான் எழுத வேண்டும். நான்தான் இதை அவளுக்குச் சொன்னேன், அவள் வந்த புதிதில், இரண்டு பேரும் விரிப்பின் இரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது. “தக்காளிச் சாறுன்னு சொல்வாங்க. பார்த்தாலே தெரியும், ரத்தம். ஆனா தக்காளிச் சாறுன்னுதான் எழுதணும்.” “அப்புறம் எப்படித்தான் துவைப்பீங்க அத்தை?” “எழுதறது அவங்க சொன்னதை. துவைக்கறது நாம பார்த்ததை.” விரிப்பு கையிலிருந்து நழுவும் அளவு சிரித்தாள், அப்போது பற்கள் எல்லாம் இருந்தன. நல்ல ஞாபகசக்தி அவளுக்கு. மாடி, படியில வழுக்கினது… இதைச் சொன்னது யார்? அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அவள் தலை குனிந்துகொண்டாள், நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன், நேத்து மழை பாருங்க, படியெல்லாம் ஒரே ஈரம், வழுக்கிட்டா என்று, கைகூட ஆட்டிக் காட்டினேன். அலமாரிக் கதவு, அதுவும் நான். சோப்பு, நான். கட்டில் விளிம்பு… இருபது, இருபத்தொன்று, இறங்க இறங்க என் வாய்தான் பேசுகிறது, என் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒவ்வொரு காயத்தின் கழுத்திலும் கட்டியிருக்கிறாள். ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது, யாரை என்று தெரியவில்லை, கை மட்டும் தயாராக இருந்தது.

ரிவர்ஸ். மேலே இடது பக்கம் அம்பு. வெளியே வந்தேன், சலவை என்ற பெட்டியை ஒரே ஒருமுறை அழுத்தினேன், நீலம். டெலிட். திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது, நிச்சயமாகத்தானா என்று கேட்கிறது, யெஸ், நோ. யெஸ் ஏற்கெனவே லேசாக மின்னிக்கொண்டிருக்கிறது, அழுத்து அழுத்து என்று. அழுத்தினால் மூன்று மணிக்கு அவள் வந்து கல்யாண போட்டோவை வாங்கிக்கொண்டு போவாள், அவனுக்கு ஜாமீன் கிடைக்கும், வீட்டுக்கு வருவான், சார்ஜர் எங்கே என்று கேட்பான், வீட்டில் அவள் இருக்க மாட்டாள், நான் மட்டும் இருப்பேன், நான் மட்டும்… ஏன் முதுகு சில்லிடுகிறது, என் பிள்ளை, என்னிடம் என்ன. “என்னம்மா, பிரேக் போட்டு நின்னுட்டீங்க?” ஹாரன். ஒண்ணுமில்லண்ணே, படிக்கறேன். அம்பை யெஸ்ஸின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன், விரல் இறங்கவில்லை. அந்த மஞ்சள் பெட்டி. அத்தை. என்னைப் பற்றி அவள் என்னதான் எழுதியிருக்கிறாள்? ஊருக்குப் பொய் சொன்னதையா, பார்த்துக்கொண்டு சும்மா நின்றதையா? திட்டட்டும், ஆனால் என்ன திட்டினாள் என்று தெரியாமல் எப்படி அழிப்பது, வாங்கின வசவைக் கேட்காமலே போனால் வாழ்நாள் முழுவதும் காதில் அதுதானே இரையும். நோ. கட்டம் போய்விட்டது. டக் டக், சலவை. டக் டக், அத்தை.

வசவு இல்லை. கடிதமும் இல்லை. மறுபடி பெயர்கள். தேதி, இடம், காரணம். சலவைக்கூடம், பிரஸ் மெஷின்ல விரல் மாட்டிச்சாம். அறை, அலமாரி மேல இருந்து பெட்டி விழுந்துச்சாம். சமையலறை, மாத்திரை போடாம மயக்கம் வந்துச்சாம். தெரு, பஸ்ல சடன் பிரேக் போட்டாங்களாம். ஒருமுறை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் முறை படித்தபோது அந்த வால் கண்ணில் பட்டது, மாட்டிச்சாம், விழுந்துச்சாம், வந்துச்சாம். தன் காயங்களுக்கு அவள் அந்த வாலைப் போடவில்லை, இடிச்சது, வழுக்கினது, அவ்வளவுதான். என்னுடையதற்கு மட்டும் ஓர் ஆம். நான் நம்பவில்லை அத்தை என்று சொல்ல அவளுக்கு அந்தக் குட்டி வால் போதுமாயிருக்கிறது. விரல்… ஆமாம், விரல், அவன் இழுப்பறைக்குள் வைத்து மூடினான், வேகமாகக்கூட அல்ல, மெல்ல, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, வண்டிச் சாவி எங்கேன்னு நீ சொல்ற வரைக்கும் என்று. பெட்டி, அது ஷூ, குதிகால் பக்கம். மயக்கம், அது சுவர். பஸ்ஸும் நினைவிருக்கிறது. நாலு. நாலே நாலு, நாலு என்பதை யாராவது கணக்கில் எடுப்பார்களா, கோபக்காரப் பிள்ளை, அப்பா இல்லாமல் வளர்ந்தவன்… ஆனால் கீழே மூலையில் எண் நாலு என்று சொல்லவில்லை. பதினொன்று என்றது. மீதி ஏழிலும் தேதி இருந்தது, இடம் இருந்தது, மூன்றாவதாக ஒரே வார்த்தைகள். அத்தை ஒண்ணும் சொல்லலை. அத்தை ஒண்ணும் சொல்லலை. அத்தை ஒண்ணும் சொல்லலை…

ஒன்றைத் திறந்தேன். ஹாரனை மறந்துவிட்டேன், டீச்சரை மறந்துவிட்டேன், திரை முழுவதும் படம் விரிந்தது. பின்புறக் கொடியில் ஒரு பெண் சட்டை காயப்போடுகிறாள், பின்னாலிருந்து எடுத்த படம், தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள், வாயில் ஒரு கிளிப்பைக் கவ்வியிருப்பது பக்கவாட்டில் தெரிகிறது, கழுத்தின் பின்புறத்தில் நாலு விரல், ஒரு பெருவிரல், பச்சை ஏறி மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது, ஆறாம் நாள், ஏழாம் நாள். நிறத்தை வைத்து வயது சொல்லிவிட்டேன், ஆனால் எந்த ஆறாம் நாள்? தேதி இருக்கிறது, மார்ச்சில் ஒரு தேதி, மார்ச்சில் என்ன நடந்தது? கொடியில் அவனுடைய நீலச் சட்டை. நான் துவைத்ததுதான், காலர் மடிப்பைப் பார்த்தாலே தெரியும். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தடவினேன், விரல்களை ஒவ்வொன்றாக அந்த இடங்களில் வைத்துப் பார்த்தேன், வலிக்கவில்லை, தோல் எதையும் சொல்லவில்லை, யாருடைய கழுத்தையோ தொடுவது மாதிரி இருந்தது. “யாரும்மா அது?” ஹாரனின் குரல், ஆனால் ஹாரன் மாதிரி இல்லை, மிகவும் மெதுவாக. தெரியலண்ணே என்றேன். சோப்பும் படியும் அலமாரியும் கேட்பதற்கு முன்னாலேயே நாக்கில் வந்து நிற்குமே, இப்போது ஒன்றும் வரவில்லை. அவர் தன் திரையை நோக்கித் திரும்பிக்கொண்டார், நாற்காலியை எனக்கும் மற்ற வரிசைக்கும் நடுவில் மெல்ல நகர்த்திப் போட்டு, அகலமான முதுகால் மறைத்தபடி உட்கார்ந்தார்.

காரணம் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, சொல்லாதது ஒன்றும் நினைவில்லை… இது என்ன மாதிரியான சலவை, யார் துவைத்தது இதை. எந்தக் கிழமை, அவன் என்ன கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன், எல்லாம் பார்த்தவள் ஒருத்திதான், அவள் வாயில் கம்பி இருக்கிறது. போய்க் கேட்டால் எழுதிக் காட்டுவாளா, எனக்கு, பாயைத் துடைத்தவளுக்கு, பேப்பரை என் பக்கம் திருப்புவாளா… “நேரமாச்சு, எல்லாரும் மூடுங்க! பென்டிரைவ் போட்டவங்க பிடுங்காதீங்க, எடுக்கலாமான்னு அதைக் கேட்டுட்டு எடுங்க.” கேட்டேன். எடுக்கலாம் என்றது. சிவப்புத் துண்டு சூடாக இருந்தது, பிஞ்சு விரல் மாதிரி, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன், எல்லாரும் நாற்காலிகளை உள்ளே தள்ளுகிறார்கள், டீச்சர் திரைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறாள், மூன்று மணி நேரம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மூன்று வருஷத்தில் பதினொன்று. அவள் இந்த வீட்டுக்கு வந்தே மூன்று வருஷம்தான். அவன் உயரம் என் உயரத்தைத் தாண்டியது அவனுடைய பதினைந்தாவது வயதில், அவளைக் கட்டிக்கொண்டது இருபத்தெட்டில்… நடுவில் பதிமூன்று வருஷம், நானும் அவனும் மட்டும் இருந்த வீட்டில், என் பின்னால் நின்று பார்க்க அப்போது யார் இருந்தார்கள்?